களையெடுப்பதா, புதிதாகக் கட்டுவதா? ஒரு கோயில் அகப்பக்கத்துக்கு நான்கு வழிகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணம். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களில் பிறந்த பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்டாலும், திருவிழா உபயத்துக்கும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் ஊர்க் கோயிலைத்தான் நாடுகிறார்கள். அப்படி நாடுகிறவர்களின் கண்ணில் கோபுரத்துக்கு முன்பாகவே கோயிலின் அகப்பக்கம், அதாவது இணையத்தளம், பட்டுவிடுகிறது. நான் நிர்வாகக் குழுவில் இருக்கும் கோயிலின் அகப்பக்கமோ, வருகிறவர்களை வாசலிலேயே திணறடிக்கும் நிலையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி குழு என்னிடம் கேட்டது. எங்களைப் போன்ற வேறு கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் உதவலாம் என்பதால், அந்த ஒப்பீட்டைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் நிலவரம். மேல்பட்டியில் பதின்மூன்று தலைப்புகள், அவற்றின் கீழே அறுபதுக்கும் மேற்பட்ட உட்தலைப்புகள். 'தொடர்புக்கு' என்ற பெயரில் மூன்று பக்கங்கள். மூன்றிலும் வெவ்வேறு தொலைபேசி எண்கள். மண்டப வாடகை இரண்டு இடங்களில் இரண்டு விலையில் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பொறுப்பேற்ற ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்குச் சில பக்கங்களைச் சேர்த்தது. முந்தைய குழுவின் பக்கத்தை எடுத்தால் மனத்தாங்கல் வரும் என்று எந்தக் குழுவும் எதையும் எடுக்கவில்லை. இதைச் சொல்லாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. எங்கள் குழப்பம் வடிவமைப்புக் குறையால் வந்தது என்று பலர் நினைத்தார்கள். அது எடுத்துவிடத் தயங்கியதால் வந்தது என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அதற்காகக் கோயில் அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கும் அக்காவிடம், ஒரு மாதத்துக்கு யார் என்ன கேட்கிறார்கள் என்று குறித்து வைக்கச் சொன்னோம். மண்டபம் எந்தத் தேதியில் காலி, வாடகை எவ்வளவு. எங்கள் தோட்டத்து உபயம் எந்த நாள். திருமணப் பதிவுக்கு என்னென்ன பத்திரங்கள் வேண்டும். மரண சகாய நிதிக்கு எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும். பிள்ளைகளின் தேவார வகுப்பு எத்தனை மணிக்கு. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிட்டன. தலவரலாற்றையோ முன்னாள் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளையோ ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே, இந்த ஐந்துக்கும் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்துக்குள் விடை காண எந்த வழி உதவுகிறதோ அதுவே நல்ல வழி என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக, ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தோம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஓர் அகப்பக்கத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஒரே மாதிரியான பயனர்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்பதையும் உடன் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் ஐவரில் ஒருவர், பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. பேத்தியின் கைத்தொலைபேசியை வாங்கி மண்டப வாடகையைத் தேடினார். முகப்பில் ஓடிக்கொண்டிருந்த படங்களில் மண்டபம் வந்ததும் விரலை நீட்டினார். விரல் படுவதற்குள் படம் மாறித் தேர் வந்துவிட்டது. தேரை அமுக்கியதில் 2014ஆம் ஆண்டுத் திருவிழா அழைப்பிதழ் திறந்தது. "என்னா தம்பி இது, பஸ்ஸு மாதிரி கை காட்டறதுக்குள்ள போயிருது," என்று கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் நாட்டர்டேம் பல்கலைக்கழக அகப்பக்கத்தில் 2013இல் எடுத்த கணக்கில், முகப்புக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர்தாம் இத்தகைய ஓடும் படங்களை அமுக்கினார்கள். அவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் படத்தையே அமுக்கினார்கள். அந்த அம்மாவைப் பார்த்த பிறகு எங்கள் குழுவுக்கு அந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருகிறேன். குழுவில் அதிக ஆதரவு பெற்றிருந்த வழி, எதையும் தொடாமல் மேலே ஒரு தேடல் பெட்டியை வைத்துவிடுவது. செலவு குறைவு, ஒரு நாள் வேலை, யார் மனமும் புண்படாது. மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது வாதம். ஆங்கிலப் பக்கங்களுக்கு இது ஓரளவு செல்லும். தமிழில் இது எங்கே சறுக்குகிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அகப்பக்கம் அமைத்துத் தருகிறவர்களே இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

மலிவான தேடல் பெட்டி, தட்டச்சு செய்த எழுத்துத் தொடர் பக்கத்தில் அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஒருவர் 'மண்டபம்' என்று தேடுகிறார். எங்கள் பக்கத்திலோ 'மண்டப வாடகை' என்றும் 'மண்டபத்தை முன்பதிவு செய்ய' என்றும் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் இறுதி மகரம் மறைந்து 'த்து' வந்துவிடுவதால், 'மண்டபம்' என்ற முழுத் தொடர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. பெட்டியும் 'முடிவு எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். 'திருமணம்' என்று தேடினால் 'திருமணத்திற்கான பத்திரங்கள்' அகப்படாததும் இதனால்தான். 'கோயில்' என்று ஒருவரும் 'கோவில்' என்று இன்னொருவரும் எழுதுவது நம் வழக்கம். இரண்டும் சரியே, ஆனால் பெட்டிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். அதற்கும் கீழே இன்னொரு சிக்கல் உண்டு. 'கோ' என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை, இன்று கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இவ்விரண்டையும் சமமாகக் கொள்ளும்படி நிரல் எழுதப்படாவிட்டால் தேடல் தவறிவிடும்.

இவையெல்லாம் யூனிகோடில் உள்ள பக்கங்களுக்கு. எங்கள் அகப்பக்கத்தின் மிகப் பழைய பக்கங்கள், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எட்டு பிட் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. தமிழைக் கணினியில் ஏற்றுவதில் இந்த நாடு முன்னோடிகளுள் ஒன்று. முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை 1985இலேயே உருவாக்கினார் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. முன்னோடியாக இருந்ததற்கு விலையும் உண்டு: நம்மிடம் பழைய குறியேற்றங்களில் உள்ள ஏடுகள் அதிகம். உரிய எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். தேடலுக்கோ அவை தமிழே அல்ல. புதிய அறிவிப்புகளின் கதை இன்னும் மோசம். அவை அனைத்தும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பகிர்வதற்காக அழகாகச் செய்யப்பட்ட படங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சாதாரணத் தேடல் பெட்டி படிக்காது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதைச் சரிவரப் படிக்காது. போதாததற்கு, நம்மவர்களில் பலர் தமிழ் விசைப்பலகையில் தேடுவதே இல்லை. 'மண்டபம்' என்பதை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள், அல்லது மலாய்ச் சொல்லான 'டேவான்' என்று தேடுகிறார்கள். ஆகவே தேடல் பெட்டியைத் தனி மருந்தாக நம்புவதை நான் ஏற்கவில்லை. அடுக்காத கடையில் கண் தெரியாத ஒருவரை எடுபிடி ஆளாக வைத்ததுபோல்தான் அது முடியும்.

இரண்டாவது வழி, அகப்பக்கத்தையே மூடிவிட்டு முகநூலுக்கும் புலனக் குழுவுக்கும் போய்விடுவது. இதை இளைஞர் பிரிவு முன்வைத்தது. எளிதில் தள்ளிவிடக்கூடிய யோசனையும் அல்ல. திருவிழாவுக்கு முதல் நாள் மழையால் தேர் நேரம் மாறினால், அந்தச் செய்தி எல்லாரையும் போய்ச் சேர்வது புலனத்தில்தான். ஆனால் அங்கே எல்லாமே தேதி வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போகும் ஆற்றுநீர். மார்ச் மாதம் போட்ட வாடகைப் பட்டியல் ஜூன் மாதம் எங்கே இருக்கும்? ஒரு புலனக் குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. முகநூல் கணக்கு இல்லாத பெரியவர்கள் அந்தப் பக்கத்தை முழுமையாகப் பார்க்கவும் முடியாது. நாளைக்கும் இருக்க வேண்டிய தகவலுக்கு அகப்பக்கம், இன்றைக்கு மட்டும் தெரிய வேண்டியதற்குப் புலனம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்றை மூடி மற்றதை வைத்துக்கொள்வது எங்களுக்குச் சரிப்படாது.

மூன்றாவது வழி, பழையதை எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. கேட்பதற்கு இனிமையானது, பொதுக்கூட்டத்தில் திரையிட்டுக் காட்டவும் நன்றாக இருக்கும். நாங்கள் வாங்கிய விலைமனுக்களில், 'தற்போதுள்ள அனைத்துப் பக்கங்களும் புதிய வடிவத்துக்கு மாற்றித் தரப்படும்' என்ற வரி ஒரு சலுகையைப் போல எழுதப்பட்டிருந்தது. எங்களுக்கு அதுதான் ஆபத்தான வரி. பழைய வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை அப்படியே புது வீட்டுக்கு ஏற்றிப்போனால், புது வீடும் ஒரு மாதத்தில் பழைய வீடாகிவிடும். பிரிட்டிஷ் அரசு 2012 அக்டோபரில் தன் இரண்டு பெரிய பொதுத் தளங்களை நீக்கிவிட்டு ஒரே தளத்தைத் திறந்தபோது, பயனரின் தேவையிலிருந்து தொடங்குவதையே முதல் கொள்கையாக வைத்துக்கொண்டது. குடிமக்கள் எதற்காக வருகிறார்கள் என்று பார்த்து எழுதியதால்தான் அது மற்ற நாடுகளுக்கும் எடுத்துக்காட்டானது. அந்த முன்வேலையைச் செய்யாமல் கட்டடத்தை மட்டும் மாற்றுவது பணத்தைக் கரியாக்குவது. செய்துவிட்டாலோ, புதுக் கட்டடமே தேவைப்படாமல் போகலாம்.

அந்த முன்வேலைதான் நான்காவது வழி: இருக்கும் தளத்திலேயே வேண்டாதவற்றைக் களைந்து, எஞ்சியவற்றை வருகிறவர்களின் மனப்போக்குக்கு ஏற்ப அடுக்குவது. தோட்டத்தில் களையெடுப்பவர் எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று செடிக்குச் செடி பார்ப்பதுபோல், ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தோம். இதில் உள்ளது இன்றைக்கும் உண்மையா? இதற்கு இப்போது யார் பொறுப்பு? இரண்டுக்கும் விடை இல்லையென்றால் பக்கம் கீழே இறங்கும். அழிக்கவில்லை, 'பழைய ஏடுகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஆண்டுவாரியாக வைத்துவிட்டோம். இந்த ஒரு சலுகைதான் மனத்தாங்கலைத் தணித்தது. முன்னாள் தலைவர் ஒருவர் தம் வாழ்த்துச் செய்தி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது, முகப்பில்தான் இல்லை என்றோம், தலையாட்டிக்கொண்டார்.

இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இப்படி ஐம்பத்தெட்டாகச் சுருங்கின. அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதில் குழுவின் அறிவை நம்பக் கூடாது என்று கருதினேன். குழு தன் பிரிவுகளின்படிதான் யோசிக்கும்: ஆலயப் பிரிவு, கல்விப் பிரிவு, சமூக நல்வாழ்வுப் பிரிவு. ஆகவே ஒரு கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத் தலைப்புகளை எழுதி, மண்டபத்து மேசையில் பரப்பி, வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவர்களில் சிலரை, ஒன்றோடு ஒன்று சேரும் என்று தோன்றுவதை ஒரே குவியலாக வைக்கச் சொன்னோம். இணையத் துறையில் இதை அட்டை அடுக்குதல் என்பார்கள். காசே செலவாகாத சோதனை. விளைவு குழுவுக்கு அதிர்ச்சி. மரண சகாய நிதியை நாங்கள் 'நல்வாழ்வு'க்குள் வைத்திருந்தோம். வந்தவர்களோ அதை ஈமக்கிரியைக்கான பண்டாரம், பிணவண்டி ஆகியவற்றோடு சேர்த்து 'வீட்டில் சாவு விழுந்தால்' என்று ஒரு குவியல் வைத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் எவரும் நல்வாழ்வு என்ற தலைப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது அட்டையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உபயப் பட்டியலை நாங்கள் தேதி வரிசையில் போட்டிருந்தோம். அவர்கள் தோட்டத்தின் பெயரைத்தான் தேடினார்கள். தோட்டம் விற்கப்பட்டு, அங்கே மாடி வீடுகள் எழுந்த பிறகும், உபயத்துக்கு அவர்கள் முகவரி அந்தத் தோட்டம்தான்.

தலைப்புகளின் எண்ணிக்கையிலும் ஒரு சர்ச்சை எழுந்தது. மனித மூளைக்கு ஏழுதான் தாங்கும், ஆகவே ஏழு தலைப்புகள் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய ஏழு என்ற எண் குறுகிய கால நினைவாற்றலைப் பற்றியது. கண்ணெதிரே இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்களைக் கட்டுப்படுத்தியது மூளை அல்ல, திரையின் அகலம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'சமூக நல்வாழ்வுப் பிரிவு' கைத்தொலைபேசியில் இரண்டு வரி பிடிக்கும். எல்லாவற்றையும், தொட்டால் விரியும் மூன்று கோட்டுச் சின்னத்துக்குள் மறைத்துவிடலாம் என்றால், மறைத்த தலைப்புகளைத் தேடிப் பார்க்காமலே போய்விடுகிறவர்கள் அதிகம். ஆகவே மண்டபம், உபயம், திருமணப் பதிவு, மரண சகாயம், வகுப்புகள் என்ற ஐந்தையும் முகப்பில் பெரிய பொத்தான்களாக வெளியே வைத்தோம். மற்றவை சின்னத்துக்குள் போயின.

நிறத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகக் கட்ட வேண்டும் என்றவர்களின் முக்கியக் குறை 'எழுத்து கண்ணைப் பறிக்கிறது' என்பதே. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5 : 1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது அனைத்துலக அணுகல் வழிகாட்டி நெறிகளின் அளவு. எங்கள் தளத்தில் இருந்ததுபோல் முழு மஞ்சளைப் பளிச்சென்ற சிவப்பின்மேல் வைத்தால் கிடைப்பது 3.7 : 1 மட்டும். அதே மஞ்சளை அரக்குச் சிவப்பின்மேல் வைத்தால் 10 : 1 வந்துவிடுகிறது. மங்கலமும் கெடவில்லை, எழுத்தும் தெரிந்தது. நிறக் குறியீட்டில் ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான்.

இந்த வழிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பணச் செலவு குறைவு என்றாலும் ஆள் செலவு அதிகம். ஐந்து வார இறுதிகள் போயின. பக்கங்களை இடம் மாற்றும்போது பழைய முகவரிகள் செத்துவிடும். எங்கள் மண்டப ரசீதுகளில் அச்சான கியூ.ஆர். குறியீடு பழைய முகவரிக்குத்தான் போகிறது. ஆகவே நகர்த்திய ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைதிருப்பல் போட வேண்டியிருந்தது. முதல் வாரம் அதில் இரண்டைத் தவறவிட்டோம், அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. திருமணப் பதிவுப் பக்கத்தில் இன்னும் கவனம் தேவைப்பட்டது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவு 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. எங்கள் பழைய பக்கங்களில் ஒன்று அந்த அறிவிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அதை நம்பி ஜொகூரிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தத்துக்குப் பத்து நாளுக்கு முன் வந்து நின்றது. பதிவை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழிதெரியாத பக்கத்தைவிடத் தவறான பக்கம் கொடியது என்பதை அன்று பார்த்தேன். அதனால் இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் பொறுப்பாளரின் பதவியும் இருக்கின்றன. ஆறு மாதம் தாண்டிய தேதி இருந்தால் செயலாளர் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டிய ஒன்று, அகப்பக்க முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. எங்களுடையது பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. நல்லவேளை, அவர் ஊரிலேயே இருந்தார், கேட்டதும் மாற்றித் தந்தார். மொத்தம் இருபது பக்கங்களுக்குள் அடங்கும் சிறிய சங்கமாக இருந்தால், அட்டைகளெல்லாம் வேண்டாம். ஒரே நீண்ட பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, மேலே ஐந்து இணைப்புகள் வைத்தால் போதும். தளத்தை இயக்கும் மென்பொருளே காலாவதியாகிப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயிருந்தால் மட்டும் மூன்றாம் வழியைத் தவிர்க்க முடியாது. அப்போதும் களையெடுத்த பிறகு ஏற்றுங்கள்.

எங்கள் குழு நான்காம் வழியை ஏற்றது. தேடல் பெட்டியையும் அடியோடு மறுக்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பக்கங்களும் யூனிகோடு எழுத்தாக மாறிய பிறகு, ஒவ்வொரு பக்கத்துக்கும் மக்கள் வழங்கும் மாற்றுச் சொற்களை உள்ளே சேர்த்து, அடுத்த ஆண்டு வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்தச் சொற்களைத் திரட்ட அலுவலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கிறவர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே எழுதச் சொல்லியிருக்கிறோம். முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் 'டேவான்', 'ஹால்', 'கல்யாண மண்டவம்' என்று மூன்று வரிகள் இருக்கின்றன. 'மண்டபம்' இன்னும் வரவில்லை.